வலம் வரும் பாதையும் வராத தெருவும்

ஒரு பாதையையும் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முடியும். கவிதை, நாவல், சினிமா இவற்றை மட்டும்தான் விமர்சிக்க வேண்டும் என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை. எதைக் காட்டுவது, எதைத் தாண்டிப் போவது, எங்கே நிற்கவைப்பது, எங்கே வேகமாகக் கடத்திவிடுவது என்பதையெல்லாம் பாதை போடுகிறவர் முடிவு செய்கிறார். கதை சொல்கிறவர் செய்வதும் அதைத்தான்.

இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் இருக்கிற 'காப்பர் டிரெயில்' என்னும் நடைத்தடம். செம்புத் தடம் என்று சொல்லலாம். பாட்மின் மூர் என்கிற கருங்கல் மேட்டுநிலத்தைச் சுற்றி 60 மைல் வட்டம். மினியன்ஸ் என்ற சின்ன கிராமத்தில் தொடங்கி, செயின்ட் நியாட், பாட்மின், செயின்ட் பிரூவர்ட், கேமல்ஃபோர்ட், ஃபைவ் லேன்ஸ் வழியாகப் போய் மறுபடியும் மினியன்ஸுக்கே வந்து சேர்கிறது. ஆறு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒன்று நடந்தால் ஆறு நாள். முதுகில் பை, கையில் வரைபடம், ராத்திரி தங்க விடுதி.

நான் அந்தப் பாதையில் நடந்தவன் இல்லை. வரைபடத்தை விரித்துவைத்து, அந்த ஊர்களின் சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் பிறந்தவனுக்குக் கார்ன்வாலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கு. கார்ன்வால்காரனுக்குத் தங்கவயலில் வேலை இருந்ததே, அதனால் எனக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஜான் டெய்லர் என்று ஒருவர். 1798ல், பத்தொன்பது வயதில், கார்ன்வாலை ஒட்டிய டேவிஸ்டாக் ஊரில் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு மேலாளராக வந்தார். பிறகு கார்ன்வாலில் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்தினார். 1863ல் செத்துப்போனார். அவர் தொடங்கி, பிள்ளைகளும் பேரன்களும் நடத்திய 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' கம்பெனிதான் 1880ல் கோலாருக்கு வந்தது. அந்தக் கம்பெனியோடு கார்ன்வால் சுரங்கக்காரர்களும் வந்தார்கள். ஆக, செம்புத் தடம் சுற்றிவருகிற அந்த மேட்டுநிலத்துக்கும் எங்கள் சயனைடு மேட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. வட்டத்துக்குள் அடங்காத கோடு அது.

முதலில் பாதை காட்டுவதைப் பார்ப்போம். மினியன்ஸைச் சுற்றித்தான் செம்பு இருந்தது. தெற்கு காரடன் சுரங்கத்தில் 1836ல் செம்பு கண்டார்கள். 1844ல் அங்கிருந்து லிஸ்கர்ட் பக்கம் ரயில் பாதை போட்டார்கள். அங்கிருந்து கால்வாய் வழியாக லூ துறைமுகத்துக்குச் செம்புக்கல் போனது. அரை நூற்றாண்டில் எல்லாம் முடிந்தது. 1866ல் செம்பு விலை சரிந்தது. 1890க்குள் தெற்கு காரடன் மூடிக்கிடந்தது. இன்றைக்கு நிற்பவை கருங்கல்லில் கட்டிய எஞ்சின் கூடங்கள். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற நீராவி எஞ்சின் இருந்த உயரமான கட்டடங்கள். கூரை இல்லை, எஞ்சின் இல்லை, சுவரும் புகைபோக்கியும் மட்டும். கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பத்துப் பகுதிகள் கொண்ட அந்தப் பட்டியலில் காரடனும் ஒன்று.

பாதையின் முதல் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. மினியன்ஸுக்குப் பக்கத்திலேயே ஹர்லர்ஸ் என்ற வெண்கலக் காலத்துக் கல்வட்டம் இருக்கிறது. செயின்ட் கிளியர் ஊர்ப்பக்கம் அதைவிடப் பழைய ட்ரெதெவி கல்திட்டை. 9ஆம் நூற்றாண்டின் டோனியெர்ட் அரசன் கல்லும் அங்கேதான். இவற்றோடு எஞ்சின் கூடமும் சேர்ந்து நடப்பவருக்கு ஒரே வரிசையில் வந்து நிற்கிறது. எல்லாமே கல், எல்லாமே பழசு, எல்லாமே அழகு. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியதும் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தியதும் ஒரே தட்டில். கல்வட்டத்தை யார் நட்டார்கள், யாருக்குக் கூலி கொடுக்கவில்லை என்று இன்றைக்குக் கேட்க முடியாது. எஞ்சின் கூடத்தைப் பார்த்துக் கேட்க முடியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் கேள்வி தானாக அடங்கிப்போகும். வரலாற்றைத் தொல்பொருளாக மாற்றுவது என்பது இதுதான்.

அந்தச் சுவருக்கு வெளியே யார் இருந்தார்கள்? 'பால் மெய்டன்' என்ற பெண்கள். நம்ம பால் இல்லை. 'பால்' என்றால் பழைய கார்னிஷ் மொழியில் சுரங்கம். பூமிக்கு மேலே உட்கார்ந்து, சுத்தியலால் கல்லை உடைத்து, செம்பு உள்ளதையும் இல்லாததையும் பிரிக்கிற பெண்களும் சிறுமிகளும். கீழே இறங்கிய ஆண்களுக்கும் மாதச் சம்பளம் என்று உறுதியாக ஒன்றும் இல்லை. பாறையின் ஒரு பகுதியை ஏலம் கூவுவார்கள். எடுக்கிற கனிமத்தின் மதிப்பில் பவுனுக்கு இத்தனை ஷில்லிங் போதும் என்று குறைத்துக் கேட்கிறவனுக்கு அந்தப் பகுதி. கல்லில் செம்பு இல்லாவிட்டால் அந்த மாசம் கடன்தான். பங்கு போட்டவர்களுக்கு அங்கே என்ன பேர் தெரியுமா? 'அட்வெஞ்சரர்ஸ்', அதாவது சாகசக்காரர்கள். லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்தவன் சாகசக்காரன். ஏணியில் நூறு பாகம் இறங்கி ஏறியவன் வெறும் கூலி.

1866ல் அந்தக் கிழக்குக் கார்ன்வால் பகுதித் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்காமல் ஐந்து வாரத்தை ஒரு மாதம் என்று எண்ணுகிற வழக்கத்தை எதிர்த்தார்கள். முதலாளிகள் கதவடைத்தார்கள். சங்கம் தோற்றது. இது புத்தகத்தில் இருக்கும். பாதையில் எப்படி இருக்கும்? வேலைநிறுத்தம் சுவர் கட்டுவதில்லை. கூட்டம் போட்ட மைதானத்தில் புல் முளைத்துவிடுகிறது. நடைத்தடம் என்கிற வடிவமே நிற்கிறதைக் காட்டும் வடிவம். எது நிற்கும்? பணம் போட்டுக் கட்டியது நிற்கும். ஆகவே பாரம்பரியம் என்று நாம் நடந்து பார்ப்பதில் முக்கால்வாசி முதலீட்டின் பாரம்பரியம்.

இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வர்க்க விமர்சனம். அங்கேயே ஆட்கள் செய்திருக்கிறார்கள். நமக்கு அதற்கு மேலே ஒரு கணக்கு இருக்கிறது.

செம்பு விழுந்ததும் கார்ன்வால் சுரங்கக்காரன் உலகம் பூரா போனான். மெக்சிகோ, தென் ஆஸ்திரேலியா, மிச்சிகன், தென்னாப்பிரிக்கா, கோலார். யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குச் சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு: கார்ன்வாலின் சுரங்கத் தொழில்நுட்பம் உலகமெங்கும் பரவியது என்பது. ஆக, புலம்பெயர்வை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். ஆனால் கதை ஒரே திசையில் ஓடுகிறது. அறிவு இங்கிருந்து அங்கே போயிற்று. அங்கிருந்து இங்கே என்ன வந்தது, அங்கே போனவன் என்ன ஆனான் என்கிற மறுபாதி இல்லை.

அங்கே போனவன் என்ன ஆனான்? துரை ஆனான். சொந்த ஊரில் கேப்டன் என்று அழைக்கப்பட்ட மேலாளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவன், கப்பலில் ஏறி வந்து மாரிக்குப்பத்தில் இறங்கியதும் துரை. அதே உளி, அதே பாறை, அதே இருட்டு. ஆனால் சம்பளம் வேறு, பங்களா வேறு, கிளப் வேறு. கீழே அவனோடு இறங்கியவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மேஸ்திரிகள் கூட்டிவந்த ஜனங்கள். அதில் பெரும்பகுதி பறையர்கள். தட்டி வைத்த குடிசை வரிசைகள், அதுக்குப் பேர் லைன். வேலைக்கு ஆள் எடுத்த விதத்திலேயே சாதி இருந்தது. கார்ன்வாலில் சுரங்க வேலை கஷ்டமான வேலை, ஆபத்தான வேலை. அது தீட்டான வேலை இல்லை. இங்கே பூமிக்கடியில் போவதற்கு ஊரில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனைத்தான் தேடிப் பிடித்தார்கள். அங்கே வர்க்கமாக இருந்தது கடல் தாண்டியதும் இனமாகவும் சாதியாகவும் மாறியது. அங்கே ஒடுக்கப்பட்டவன் இங்கே ஒடுக்குகிறவனாக ஆவதற்கு ஒரு கப்பல் பயணம் போதுமாக இருந்தது. இந்தப் பகுதி இல்லாமல் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் கதை முழுசாகாது. செம்புத் தடத்தின் மீது எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு இதுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மைன்ஸ் எங்களுக்கு வெறும் நரகமாக மட்டும் இருக்கவில்லை. எங்க பாட்டி சொல்லும்: "ஊர்ல ஆண்டை வூட்டு வாசல்ல குனிஞ்சி நின்னோம். இங்க வந்து சங்கு ஊதுனா போனோம், சங்கு ஊதுனா வந்தோம். சம்பளத்த கையில வாங்குனோம். யாரு வூட்டு வாசல்லயும் நிக்கல." காசாக வந்த கூலி பண்ணையடிமைத்தனத்தை உடைத்தது. 1898ல் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் கிளைகள் முளைத்தன. அவருடைய 'தமிழன்' பத்திரிகையை லைன் வீடுகளில் படித்தார்கள். அவர் 1914ல் மறைந்த பிறகு, 1926ல் ஜி. அப்பாதுரையார் அந்தப் பத்திரிகையைச் சாம்பியன் ரீஃபிலிருந்து மறுபடியும் கொண்டுவந்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சுப்போட்டது. 1930ல் கைரேகை பதியச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றப் பரம்பரையா என்று கேட்பதுபோல ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன ஜனம், மேலே வந்து பள்ளிக்கூடமும் சங்கமும் அச்சகமும் கட்டியது.

இதைச் சொல்லும்போது செம்புத் தடத்தில் ஓர் இடம் ஞாபகத்துக்கு வருகிறது. ஃபைவ் லேன்ஸுக்குப் பக்கத்தில் ட்ரெவின்ட் என்ற குக்கிராமம். அங்கே டிகரி இஸ்பெல் என்ற கல்தச்சர் 18ஆம் நூற்றாண்டில் தன் வீட்டோடு இரண்டு அறைகளைக் கூடுதலாகக் கட்டினார், ஊர் ஊராகப் போகிற மெதடிஸ்ட் போதகர்கள் தங்குவதற்கு. ஜான் வெஸ்லி அங்கே தங்கியிருக்கிறார். அந்த வீட்டை இன்றைக்கும் 'வெஸ்லி குடிசை' என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியும் மீனவனும் கல்தச்சனும் பெரிய கோயிலின் பின்வரிசையை விட்டு வெளியே வந்து, தங்களுக்கென்று ஒரு சபையைக் கட்டிக்கொண்ட சரித்திரத்தின் அடையாளம் அது. ஒரு கல்தச்சன் வீட்டின் இரண்டு அறை நினைவுச்சின்னமாக முடியும் என்றால், சாம்பியன் ரீஃபில் 'தமிழன்' அச்சான இடம் ஏன் ஆகக் கூடாது? நம் பண்பாட்டு விற்பன்னர்கள் பேசுகிற தங்கவயலில் கிளப் இருக்கும், கோல்ஃப் மைதானம் இருக்கும், 'குட்டி இங்கிலாந்து' என்ற பெருமை இருக்கும், 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த சாதனை இருக்கும். பௌத்த சங்கம் இருக்காது. லைன் இருக்காது.

நடப்பது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடை எல்லாருக்கும் ஒன்று இல்லை. இங்கிலாந்திலேயே மேட்டுநிலங்களில் நடக்கிற உரிமை சும்மா வரவில்லை. 1932ல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1924ல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கிற உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. இரண்டுமே நடக்கிற உரிமைதான். அங்கே தடுத்தது பணக்காரனின் வேட்டைக்காடு. இங்கே தடுத்தது சாமியைச் சுற்றிய தெரு.

வட்டமாகச் சுற்றி வருவது நமக்குப் புதுசா? வலம் வருவது என்று அதற்குப் பேர். தேர் நாலு வீதியும் வலம் வரும், சேரிக்குள் வராது. கண்டதேவித் தேர்வடத்தைத் தொடுவதற்கு நம் ஜனங்கள் எத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றார்கள் என்பது தெரியும். வட்டம் போடுகிறவன் எது ஊர், எது ஊருக்கு வெளியே என்பதையும் சேர்த்துத்தான் போடுகிறான். அதனால் வட்டப்பாதை என்றாலே எனக்கு முதலில் வருகிற கேள்வி: தேர் திரும்புகிற முனை எது? செம்புத் தடத்தில் அது கடற்கரைக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. செம்பு போன லூ துறைமுகமும் வட்டத்துக்கு வெளியே. ஆட்கள் கப்பல் ஏறிப்போன திசையும் வட்டத்துக்கு வெளியே.

இதனால் செம்புத் தடம் வேண்டாத சரக்கு என்று நான் சொல்லவில்லை. இடிந்த சுவரை இடித்துத் தள்ளாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு கைவிடப்பட்ட தொழிலின் நிலத்தைக் காலால் நடந்து தெரிந்துகொள்ளலாம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணால் படித்துத் தெரியாத தூரம் காலுக்குத் தெரியும். சுரங்கக்காரன் வேலைக்கு நடந்த மேட்டை விடுமுறைக்கு வந்தவன் நடக்கும்போது மூச்சு வாங்கினால், அதுவே ஒரு பாடம்தான். குறை என்னவென்றால் அந்த மூச்சை அவன் அழகைப் பார்த்து வாங்கியதாக நினைத்துவிடுகிறான்.

இப்போது எங்கள் பக்கம். 1880ல் தொடங்கி, 2001 பிப்ரவரி 28ல் மூடுகிற வரைக்கும் சுமார் 800 டன் தங்கம் எடுத்த பூமி. மிஞ்சியது சயனைடு மேடுகள். காற்றடித்தால் அந்த மண் சோற்றில் விழும். வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். அவர்களுடைய வட்டப்பாதை அது. தினமும் முடிந்து தினமும் தொடங்குகிறது. 2018லும் 2022லும் கே.ஜி.எஃப் என்ற பேரில் கன்னடத்தில் இரண்டு படங்கள் வந்தன. அந்த மேடுகளில் படம் பிடித்தார்கள். அந்த மேட்டை உண்டாக்கிய ஜனத்தின் சரித்திரம் அதில் இல்லை. ஒரு தனி வீரன் வந்து அடிமைகளை மீட்கிறான். 2024ல் வந்த 'தங்கலான்' அந்த இடத்தில் வட ஆற்காட்டு ஜனத்தை நிறுத்தியது. அது நடந்த நல்ல காரியம். ஆனால் சினிமா இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது. லைன் அங்கேயே வெயிலில் நிற்கிறது.

அதே 2024ல், ஜூன் மாதம், பாரத் கோல்டு மைன்ஸின் 13 கழிவுமண் மேடுகளில் மறுபடியும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட இடம். மேடு போனால் காற்றில் விஷம் குறையலாம், சிலருக்கு வேலை வரலாம். ரெண்டும் வேண்டும்தான். ஆனால் மேட்டோடு சேர்த்து இன்னொன்றும் போகும். எந்த லைன் எங்கே இருந்தது, எந்த ஷாஃப்டில் யார் இறங்கினார்கள், சங்கு எங்கே ஊதியது, மண்சரிவில் செத்தவர்களை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் இப்போது எழுபது எண்பது வயதுக்காரர்களின் வாயில் இருக்கிறது. கார்ன்வாலில் கல் நிற்கிறது. எங்களிடம் கல் இல்லை, தட்டி வீடு நூறு வருஷம் நிற்காது. எங்கள் பாரம்பரியம் ஆட்களாக நிற்கிறது. ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் என் கோரிக்கை யுனெஸ்கோவிடமோ சுற்றுலாத் துறையிடமோ இல்லை. அவர்கள் வந்தால் கிளப்பில் தொடங்கிக் கிளப்பில் முடிகிற பாதையைத்தான் போடுவார்கள். லைனில் இருக்கிற பிள்ளைகள், தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், சங்கத்துப் பழைய தோழர்கள், பௌத்த சங்கத்துக்காரர்கள் முதலில் நடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு லைன். கூட ஒரு பெரியவரையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். அவங்க சொல்ற பேரை, அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க. கம்பெனி வைத்த பேரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பாதை மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் தொடங்கட்டும், ஏனென்றால் ஜனங்கள் இறங்கியது அங்கே, இன்றைக்கு வேலைக்கு ஏறுவதும் அங்கே. எழுதியதை இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். அச்சில் வரட்டும். மேட்டை வெட்டுகிற இயந்திரம் வருவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.